எழவு வீட்டு லோடு

கோர்ட் ஸ்டாப்புலதான் தம்பி இறங்கணும். ஆமா, என் பேர்லதான் கேஸ். பயப்படாதீங்க, வெட்டுக் குத்து ஒண்ணும் இல்ல. சீனிச்சாமி பந்தல் கடைன்னு நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எழவு, எதுக்கும் நம்ம பந்தல்தான்.

கோர்ட்டுக்குப் போறதுல எனக்கு ஒரு சங்கடமும் கிடையாது. கோர்ட்டுல ஒரு ஒழுங்கு இருக்கு. அய்யா மேல உட்காந்திருப்பாரு, நாம கீழ நிக்கணும். பேரைக் கூப்பிட ஒரு ஆள், எழுத ஒரு ஆள், நமக்காகப் பேச வக்கீல் திரவியம். நம்ம வேலை கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது மட்டும்தான். திரவியம் முதல் நாளே சொல்லிட்டாரு: "அண்ணாச்சி, நீங்க வாயைத் தொறந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. மூடிக்கிட்டு இருங்க, நான் உங்களை வெளிய கொண்டாந்துருவேன்." எவ்வளவு கவுரவமான பேச்சு பாருங்க.

நான் கேவலப்பட்டது கோர்ட்டுல இல்ல தம்பி. நாற்காலியில.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். வட்டமா நாற்காலி போட்டாங்க. பிளாஸ்டிக் நாற்காலி. நம்ம கடையில ஓட்டை நாற்காலின்னு ஓரம் கட்டி வச்சிருக்கேன் பாருங்க, அது எவ்வளவோ தேவலை. நடுவுல மேஜை கூட கிடையாது. மேஜை இல்லாம எதிர் எதிரே உட்காந்தா கையை எங்க வைக்கிறதுன்னே தெரியாது. எனக்கு நேர் எதிரே அந்தப் பொம்பளை. சுகந்தின்னு பேரு. அவ மகளுக்குத்தான் கண்ணு போச்சு.

இருங்க, முதல்ல இருந்தே சொல்றேன். இல்லேன்னா நீங்களும் என்னைத் தப்பா நெனச்சுருவீங்க.

எனக்கு ஒரே மகன், காமேஷ். அப்ப பதினேழு வயசு. லைசென்ஸ் வாங்குற வயசு ஆகலதான். அதுக்காக? பந்தல்காரன் மகன் லைசென்ஸ் வர்ற வரைக்கும் தாயம் விளையாடிக்கிட்டு இருக்க முடியுமா? குட்டியானை வண்டியில கழுத்து வரைக்கும் லோடு ஏத்தி, சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கணும்னா நம்ம தெருவுல அவனை விட்டா ஆள் கிடையாது. நான்தான் கத்துக் குடுத்தேன்.

போன வருஷம் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள். நான் மண்டப வாசல்ல பந்தல் போட்டுக்கிட்டு நிக்கிறேன். அந்நேரம் பார்த்துப் பக்கத்து ஊர்ல ஒரு பெரியவர் போயிட்டாரு. கல்யாண வீட்டுக்காரன்கிட்ட 'இருப்பா, நாளைக்கு வரேன்'னு சொல்லலாம். எழவு வீட்டுக்காரன்கிட்டச் சொல்ல முடியுமா? கடைக்கு ஓடி வந்து லோடு ஏத்திக் குடுத்து, பையனை அனுப்பி வச்சுட்டு, நான் மறுபடி மண்டபத்துக்கு ஓடினேன்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. வெளியாளுக்குத் தெரியாது. வண்டிக்கு வெளிய கம்பு நீட்டிக்கிட்டு இருந்தா நுனியில சிவப்புத் துணி கட்டணும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நாங்களும் கட்டுவோம். ஆனா எழவு வீட்டுக்குப் போற லோடுல சிவப்பு ஏறக்கூடாது. எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான். சிவப்பு மங்கலம். தொங்கல், குஞ்சம், சிவப்பு ஷாமியானா எதுவும் அந்த வண்டியில இருக்கக் கூடாது. செத்த வீட்டு வாசல்ல சிவப்போட போய் நின்னா அந்த வீட்டு ஆம்பளைங்க அடிக்க வருவாங்க. அதுக்கப்புறம் எவன் நம்மளைக் கூப்பிடுவான்? அதனால நானே, என் கையால, வண்டியில இருந்த சிவப்பையெல்லாம் கழட்டிப் போட்டேன். கம்பு நுனியில கட்டியிருந்ததையும் சேத்துத்தான். சவுக்குக் கம்பு. நல்ல நீளம்.

இது தப்பா? நீங்களே சொல்லுங்க. சாவுக்கு மரியாதை குடுத்தது தப்பா?

பொழுது சாயிற நேரம். வளைவுல ஒரு ஆடு குறுக்க வந்திருக்கு. காமேஷ் பிரேக் அடிச்சிருக்கான். பின்னாடி அந்தச் சுகந்தி ஸ்கூட்டர்ல வர்றா. முன்னாடி கால் வைக்கிற இடத்துல பிள்ளையை நிக்க வச்சுக்கிட்டு. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை, மிருதுளா. கம்பு நேரா பிள்ளை மூஞ்சியில பாஞ்சிருச்சு.

உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கண்ணுதான்.

பையன் போன் பண்ணினான். அழுகையில ஒண்ணும் புரியல. நான் பைக்கை எடுத்துக்கிட்டுப் பறந்தேன். போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டேன். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க, கூட்டமும் பின்னாடியே போயிருச்சு. இவன் ரோட்டோரமாக் குத்த வச்சு உட்காந்திருக்கான். நான் கல்யாணப் பந்தல்ல இருந்து அப்படியே வந்தவன், தோள்ல தொங்கல் துணி கிடந்துச்சு. சிவப்பு சாட்டின். கிழிச்சேன், கம்பு நுனியில கட்டினேன். முடிஞ்சுது. தகப்பன்னு ஒருத்தன் இருந்தா இதைச் செய்வான் தம்பி. உங்க அப்பா செய்ய மாட்டாரா?

பையன் பாத்துக்கிட்டேதான் இருந்தான். "துணி இருந்துச்சு. எவன் கேட்டாலும் அதை மட்டும் சொல்லு"ன்னேன். தலையாட்டினான்.

போலீஸ் வந்தாங்க, போட்டோ எடுத்தாங்க, துணியை அவுத்துப் பொட்டலம் கட்டி சீல் வச்சாங்க. திரவியத்துக்குச் சந்தோஷம்னா அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணாச்சி, இனிமே நாம பேச வேண்டாம், துணி பேசும்"னாரு. துணி தொங்கிக்கிட்டு இருக்கும்போதே வந்து இடிச்சான்னா தப்பு யார் மேல? அவ மேலதான? அவ வீட்டுலயே அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. அவ மாமியார் தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துமாம்: "ரத்தமாச் சிவந்த துணி தொங்குது, இவளுக்குத் தெரியலையாம். ஆகாசத்தைப் பாத்துக்கிட்டா ஓட்டினா?" புருஷன் துபாய்ல. போன்ல கூடப் பேசறதில்லையாம். அதெல்லாம் அவங்க குடும்ப விவகாரம், எனக்கு என்ன வந்துச்சு?

எல்லாம் ஒழுங்காப் போய்க்கிட்டு இருந்துச்சு தம்பி. நடுவுல வந்து சேந்தாங்க பாருங்க, ஜெபராணி அம்மா.

காமேஷுக்குப் பதினெட்டு ஆகலைங்கிறதால அவன் கேஸ் சின்னப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற குழுமத்துக்குப் போச்சு. அங்க இந்தம்மா நன்னடத்தை அலுவலர். காட்டன் சேலை, தோள்ல துணிப்பை, எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. வீட்டுக்கே வந்துருச்சு.

"ஸார், கோர்ட்டுன்னா எந்தச் சட்டம் மீறினாங்க, என்ன தண்டனைன்னு பாப்பாங்க. நாம வேற மாதிரிப் பாக்கலாம். யாருக்கு என்ன ஆச்சு, அவங்களுக்கு இப்ப என்ன வேணும், அதை யார் செய்யணும். ரெண்டு குடும்பமும் உட்காந்து பேசலாம்."

"ஏம்மா, பேசினா போன கண்ணு வந்துருமா?"ன்னேன்.

"வராது ஸார்."

அதையும் சிரிச்சுக்கிட்டே சொல்லுது! வராதுன்னு தெரியுதுல்ல, அப்புறம் எதுக்கு இந்த வேலை? இதுக்கு கவர்மெண்ட்டுல சம்பளம் வேற.

திரவியம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் பஞ்சாயத்து மாதிரி இருக்கும்னு நெனச்சுட்டேன். பஞ்சாயத்து எனக்குத் தெரியாததா? பெரிய மனுஷங்க நாலு பேர் ஒரு தீர்ப்பு சொல்லுவாங்க, நாம தலைகுனிஞ்சு நின்னுட்டு, அபராதத்தைக் கட்டிட்டு, வேட்டியை உதறிக்கிட்டு வந்துரலாம். விழுந்து கும்பிடச் சொன்னாக் கூட கும்பிட்டுருவேன் தம்பி, எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. அதுக்குத் தயாராத்தான் போனேன். அங்க போனா தீர்ப்பு சொல்ல ஆளே இல்ல! வட்டத்துக்கு ஏது தலைமாடு, ஏது கால்மாடு? யார் கால்ல விழறது?

இதுல ஒரு மரச்சொப்பு வேற. பிள்ளைங்க வச்சு விளையாடுமே, குட்டிப் பானை, அது. அந்தச் சொப்பு யார் கையில இருக்கோ அவங்கதான் பேசணுமாம். மத்தவங்க கேக்கணுமாம். மீசை நரைச்ச வயசுல என்னைச் சொப்பு விளையாட உட்கார வச்சுட்டாங்க. வெளிய சொன்னா நம்ம கடைக் கம்பு கூடச் சிரிக்கும்.

சொப்பு முதல்ல சுகந்தி கையிலதான் போச்சு. அழுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். அதெல்லாம் பாத்துக்கலாம், எழவு வீட்டுல பாக்காத அழுகையா? இவ அழவே இல்ல. காமேஷைப் பாத்துக் கேக்குறா, சொந்தத் தம்பிகிட்டக் கேக்குற மாதிரி.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அந்தத் துணி எனக்கு ஏன் தெரியல? நான் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். ராத்திரி கண்ணை மூடினா ரோடு தெரியுது, வண்டி தெரியுது, கம்பு தெரியுது, துணி மட்டும் தெரிய மாட்டேங்குது. கண் டாக்டர்கிட்டப் போய் எனக்குச் சிவப்பு தெரியுதான்னு பாக்கச் சொன்னேன். நல்லாத்தான் தெரியுதுன்னுட்டாரு. அப்ப மூளையிலதான் கோளாறு. இப்ப என் பிள்ளையைக் கையைப் பிடிச்சு ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டுப் போகக் கூட எனக்குப் பயமா இருக்குப்பா. நீ முன்னாடி ஓட்டினவன். அந்தத் துணி எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. பெருசா? சின்னதா? காத்துல மடங்கிக் கிடந்துச்சா?"

பாத்தீங்களா, கேள்வியை! குற்றம் யாருதுன்னு கேக்கல, நஷ்ட ஈடு கேக்கல. துணி எப்படி இருந்துச்சாம். கோர்ட்டுல இப்படி ஒரு கேள்வி கேட்டா திரவியம் எந்திரிச்சு ஆட்சேபணை பண்ணியிருப்பாரு. அய்யாவும் அடுத்த கேஸுக்குப் போயிருப்பாரு.

சொப்பு காமேஷ் கைக்கு வந்துச்சு. அவன் அதை இந்தப் பக்கம் உருட்டுறான், அந்தப் பக்கம் உருட்டுறான். நான் செருமினேன். தகப்பன் செருமினா மகனுக்குப் புரியும். எங்க தொழில்ல உச்சியில நிக்கிறவனுக்குக் கீழ இருந்து செருமினாலே போதும், எந்தக் கயித்தைப் பிடிக்கணும்னு தெரிஞ்சுக்குவான். இவனுக்கும் தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னான்.

"துணி இல்லக்கா."

"டேய்!"னு எந்திரிச்சுட்டேன்.

"ஸார், சொப்பு உங்க கையில இல்ல"ங்குது ஜெபராணி. சிரிக்காமச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"இல்லையா?"ன்னு கேட்டா அவ.

"இல்லக்கா. எங்கப்பா வந்து அப்புறமாக் கட்டினாரு."

"கொஞ்சம் கூட இல்லையா? ஒரு கிழிசல் கூட?"

"ஒண்ணுமே இல்லக்கா."

செருப்பைக் கழட்டுவான்னு நான் காலைப் பின்னாடி இழுத்துக்கிட்டேன். அவ என்ன பண்ணினாங்கிறீங்க? அந்தச் சொப்பை அவன் கையில இருந்து வாங்கி மடியில வச்சுக்கிட்டு, ரொம்ப நாளா மூச்சை அடக்கி வச்சிருந்தவ மாதிரி மூச்சு விட்டா. விட்டுட்டு, "அப்ப எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு"ன்னா. அதுக்கப்புறம்தான் அழுதா. இவனும் அழறான். ஜெபராணியும் கண்ணைத் தொடைக்குது. ஒரு அலுவலர் பண்ற காரியமா இது? நான் ஒருத்தன்தான் அங்க மனுஷனா உட்காந்திருந்தேன்.

சுத்திச் சுத்திச் சொப்பு என்கிட்டயும் வந்துச்சு. "எனக்குப் பேச ஒண்ணுமில்ல"ன்னு அடுத்த கைக்குத் தள்ளிட்டேன். கை வேர்த்து வழுக்கிக் கீழ விழுந்து உருண்டுச்சு. அந்த ரூம்ல ஃபேன் சரியில்ல.

கடைசியில என்ன ஆச்சு? அந்தப் பிள்ளைக்கு மதுரையில செயற்கைக் கண்ணு வைக்கிறாங்க. ஒரே நாள்ல முடியற வேலை இல்ல, போய்ப் போய் வரணும், அளவு பாக்கணும், கழட்டி மாட்டப் பழகணும். ஒவ்வொரு தடவையும் காமேஷ் கூடப் போகணும்னு முடிவாச்சு. அவனேதான் கேட்டு வாங்கிக்கிட்டான். அந்தப் பிள்ளை கண்ணுல யாரையும் கை வைக்க விடாதாம், இவன் பக்கத்துல உட்காந்து கதை சொன்னாத்தான் காட்டுதாம். இதுக்குப் பேரு தண்டனையா? என் மகன் பந்தல்காரனா, ஆயாவா? கூர்நோக்கு இல்லத்துல போட்டிருந்தாக் கூட ஒரு தேதி சொல்லி அனுப்பியிருப்பாங்க. நான் வாசல்ல போய் நின்னு கூட்டிட்டு வந்திருப்பேன். இதுக்குத் தேதியும் கிடையாது, வாசலும் கிடையாது. அவனுக்கு முடிஞ்சுபோச்சுன்னு ஆர்டர் போட்ட பிறகும் போய்க்கிட்டுத்தான் இருக்கான். வீட்டுக்கு வர்றதில்ல. அவன் மாமன் வீட்டுல இருக்கான்.

அங்க பேசினது வெளிய போகாதுன்னு ஜெபராணி சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லுச்சு. போகலதான். ஆனா இந்த உத்தமன் தானாவே ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொல்லிட்டு வந்துட்டான். அதான் இப்ப என் மேல கேஸ். வயசு ஆகாதவன்கிட்ட வண்டியைக் குடுத்ததுக்கு அப்பவே ஒண்ணு, சாட்சியத்தை மாத்தினதுக்கு இப்ப ஒண்ணு. முதல் சாட்சி யாரு? என் மகன். நல்லா இருக்குல்ல?

அந்தப் பொம்பளை எனக்கும் ஒரு ஆள் அனுப்பிச்சா. வேற யாரு, சிரிப்புக்காரம்மாதான். "ஸார், கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும். சுகந்தி உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. அவங்க வீட்டுக்கு வந்து, அவங்க மாமியார் முன்னால, துணி இல்ல, நான்தான் கட்டினேன்னு உங்க வாயால சொல்லணும். காமேஷ் சொன்னதை அவங்க நம்பலையாம், சின்னப் பையனை இவ மயக்கிட்டான்னு பேசறாங்களாம். பிள்ளையை இவங்ககிட்டத் தனியா விடவே மாட்டேங்கிறாங்க. அந்த அம்மாவே பிரிச்சுத் தன்கூடப் படுக்க வச்சுக்குறாங்க."

பணம் வேணும்னா கேக்கச் சொல்லும்மான்னேன். வேண்டாமாம். காலத்துக்கும் அவ வீட்டு விசேஷத்துக்கு இலவசமாப் பந்தல் போடறேன்னேன். அதுவும் வேண்டாமாம். நான் போய் நின்னு சொல்லணுமாம். அவ மாமியார் இருக்கிற தெரு எது தெரியுமா? அந்தத் தெருவுல வருஷா வருஷம் அம்மன் கோயில் பந்தல் என்னுது. அந்தத் தெருவுல போய் நான், சீனிச்சாமி, பொய்க்குத் துணி கட்டினவன்னு சொல்லிட்டு அடுத்த வருஷம் எந்த மூஞ்சியோட கம்பு ஊணுவேன்? ஜெயிலுக்குப் போனவனுக்கு நம்ம ஊர்ல மரியாதை உண்டு தம்பி. மாலை போட்டுக் கூட்டிட்டு வந்ததையே பாத்திருக்கேன், அந்தப் பந்தலும் நான்தான் போட்டேன். மன்னிப்புக் கேட்டவனை எவனாவது மாலை போட்டுக் கூட்டிட்டு வந்து பாத்திருக்கீங்களா?

என்ன? உங்ககிட்டச் சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லிட்டா என்னன்னா கேக்குறீங்க?

அது எப்படித் தம்பி? நீங்க யாரோ, நான் யாரோ. இறங்கினா முடிஞ்சுது. அவளுக்கு என்னைத் தெரியுமே.

இன்னைக்கு அய்யா கேப்பாரு, குற்றத்தை ஒத்துக்கிறியான்னு. எனக்கு ஒரே வார்த்தைதான் வேலை. "இல்லை." யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல. அதுதான் கோர்ட்டு. இந்த நாற்காலிக்காரங்களுக்கு அதோட அருமை எப்படித் தெரியும்?

ஒண்ணு சொல்லணும், மறந்துட்டேன். காமேஷ் எல்லாத்தையும் கக்கிட்டான்ல, ஒண்ணு மட்டும் சொல்லல. அங்கயும் சொல்லல, ஸ்டேஷன்லயும் சொல்லல. அன்னைக்கு லோடு ஏத்தும்போது அவன் என்கிட்டக் கேட்டான்: "அப்பா, கம்பு ரொம்ப நீட்டிக்கிட்டு இருக்கு. சிவப்பு வேண்டாம்னா வெள்ளையாவது கட்டவா?" வேட்டிக் கிழிசலைக் கையில வச்சுக்கிட்டே நின்னான். நான்தான், "எழவு வீட்டுக்குப் போற வண்டிக்கு அலங்காரம் கேக்குதா? ஏறுடா"ன்னு அந்தத் துணியைப் பிடுங்கி எறிஞ்சேன். அதைச் சொல்லியிருந்தா அவன் மேல ஒரு தப்பும் இல்லாமப் போயிருக்கும். பாதிப் பழியைச் சும்மா தன் தலையில வச்சுக்கிட்டான். ஏன் சொல்லலன்னு எனக்குத் தெரியல. மறந்திருப்பான். அவனுக்கு எப்பவுமே ஞாபகம் கம்மிதான்.

கோர்ட் ஸ்டாப்பா? அதுக்குள்ள வந்துருச்சா?

தம்பி, அந்த ஷட்டரை இறக்கி விடுங்க. வெயில் அடிக்குது. அடிக்கலைன்னா என்ன, இறக்குங்களேன். முழுசா வேண்டாம், பாதி. அந்தா, வேப்பமரத்தடியில, பச்சைச் சேலை. அவதான். பக்கத்துல குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் பாருங்க, என் மகன்தான். கொஞ்சம் மெலிஞ்சிருக்கான். குடை நடுவுல அந்தப் பிள்ளை. இங்கதான் பாக்குது. ரெண்டு கண்ணும் இங்கதான் பாக்குது. எது வச்ச கண்ணுன்னு உங்களுக்குத் தெரியுதா? எனக்குத் தெரியல.

கண்டக்டர் கத்தட்டும். நான் பஸ் ஸ்டாண்டுலயே இறங்கிக் கோர்ட்டுப் பின்வாசல் வழியா வந்துக்கிறேன். அங்கயும் ஒரு வாசல் இருக்கு.

எனக்காகக் கை காட்டாதீங்க தம்பி. கொஞ்ச நேரம் பேசாம இருங்க. விசில் அடிச்சிரட்டும்.